3,000 ராத்தல் மிளகு: ரோமின் வீழ்ச்சியும் அகுஸ்தினாரின் பதிலும்

கி.பி. 408ஆம் ஆண்டின் இறுதியில் கோத் இனத்துப் படைத்தலைவன் அலாரிக் ரோம் நகரை முற்றுகையிட்டான். தைபர் ஆற்றின் வழியே வந்துகொண்டிருந்த தானியம் நின்றுபோனது. பட்டினி வந்தது, பட்டினியைத் தொடர்ந்து கொள்ளைநோயும் வந்தது. வேறு வழியின்றி செனட் அவையினர் தூது அனுப்பிப் பேரம் பேசினர். முற்றுகையை விலக்கிக்கொள்வதற்கு இறுதியில் ஒப்புக்கொண்ட விலையை வரலாற்றாசிரியர் சோசிமஸ் பட்டியலாகத் தந்திருக்கிறார்: 5,000 ராத்தல் பொன், 30,000 ராத்தல் வெள்ளி, 4,000 பட்டு அங்கிகள், செஞ்சாயம் தோய்த்த 3,000 தோல்கள், 3,000 ராத்தல் மிளகு.

பட்டியலின் கடைசிப் பொருளில் தமிழ் வாசகனின் கண் சற்று நின்றுவிடும். சங்கப் பாடல்கள் பேசும் முசிறித் துறையிலிருந்து யவனக் கப்பல்கள் ஏற்றிச் சென்ற சரக்கு அது. முசிறியின் பெருநாட்கள் அதற்குள் முடிந்துவிட்டிருந்தன. ஆயினும், எத்தனை வணிகர் கை மாறி வந்திருந்தாலும், அந்த மிளகின் கொடி படர்ந்தது மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளில்தான். ஒரு பேரரசின் தலைநகரம் தன் உயிருக்குக் கொடுத்த விலையில் சேரநாட்டு மலைச்சரக்கும் ஒரு பங்காக இருந்தது.

கேட்ட தொகை கருவூலத்தில் இல்லை. கோயில்களில் இருந்த தெய்வச் சிலைகளின் அணிகளைக் கழற்றினர். பொன்னாலும் வெள்ளியாலும் ஆன சிலைகளையே உருக்கினர். உருக்கப்பட்டவற்றுள் வீரத்தின் தெய்வமான விர்ட்டூஸின் சிலையும் ஒன்று என்று சோசிமஸ் துயரத்தோடு எழுதுகிறார். பழைய தெய்வங்களின் பக்கம் நின்று எழுதியவர் அவர். அந்தச் சிலை அழிந்த அன்றே ரோமானியரிடம் எஞ்சியிருந்த வீரமும் அழிந்தது என்பது அவர் கருத்து.

கொடுத்த விலை இரண்டு ஆண்டுகளுக்குக்கூடப் போதவில்லை. 410 ஆகஸ்ட் 24 அன்று அலாரிக்கின் படை சலாரியன் வாயில் வழியாக நகருக்குள் நுழைந்தது. மூன்று நாட்கள் கொள்ளை நடந்தது. கால் குடியினர் நுழைந்ததற்குப் பிறகு, ஏறத்தாழ 800 ஆண்டுகளாக அந்நியப் படை எதுவும் கைப்பற்றாத நகரம் அது.

*

சேதக் கணக்கை மட்டும் பார்த்தால் 410இன் கொள்ளை உலகின் பெரும் அழிவுகளில் ஒன்றல்ல. கோத்தியர் பெரும்பாலும் ஆரியன் கிளையைச் சேர்ந்த கிறித்தவர்கள். பேதுரு, பவுல் ஆலயங்களுக்குள் தஞ்சம் புகுந்தவர்களை அவர்கள் தொடவில்லை. பேரரசர் ஹொனோரியுஸ் அப்போது சதுப்பு நிலங்கள் சூழ்ந்த ரவென்னாவில் பத்திரமாக இருந்தார். "ரோம் அழிந்தது" என்று சொல்லப்பட்டபோது, ரோம் என்று பெயரிட்டு வளர்த்த தன் கோழியைப் பற்றிய செய்தி என நினைத்து அவர் அலறினார் என்றும், போனது நகரம்தான் என்று தெரிந்ததும் ஆறுதல் கொண்டார் என்றும் ஒரு கதை உண்டு. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதிய புரோக்கோப்பியுஸ் சொன்னது. கதை பொய்யாகவே இருக்கலாம். ஆனால் மக்கள் தம் அரசனைப் பற்றி எதை நம்பத் தயாராக இருந்தார்கள் என்பதை அது காட்டுகிறது.

ஆகவே உண்மையான சேதம் கல்லிலும் பொன்னிலும் நேர்ந்ததல்ல. பெத்லகேமில் எசேக்கியேல் நூலுக்கு உரை எழுதிக்கொண்டிருந்த ஜெரோம், செய்தி கேட்டபின் நெடுநாள் வேலையைத் தொடர முடியாமல் தவித்ததாக எழுதியிருக்கிறார். ரோமில் அவர் அறிந்த மார்செல்லா என்ற முதிய மாது, ஒளித்து வைக்காத பொன்னைக் காட்டச் சொல்லி வீரர்களால் அடிக்கப்பட்டு, சிறிது காலத்தில் இறந்துபோனார்.

இந்த அதிர்ச்சி ஏன் இவ்வளவு ஆழமாகப் பாய்ந்தது என்பதை விளங்கிக்கொள்ள நம் மொழியின் ஒரு சொல்லே உதவுகிறது. 'இறை' என்பது கடவுளையும் குறிக்கும், அரசனையும் குறிக்கும், அரசனுக்குச் செலுத்தும் வரியையும் குறிக்கும். திருக்குறளின் 'இறைமாட்சி' அதிகாரம் பேசுவது அரசனைப் பற்றி. இன்றும் சட்ட நூல்களில் 'இறையாண்மை' என்றால் நாட்டின் தன்னதிகாரம். ஆலயத்தில் அதே சொல் கடவுளின் முழு ஆளுகை. ஒரே சொல்லுக்குள் குடியிருக்கும் இந்த இரண்டு இறைகளும் நான்காம் நூற்றாண்டு ரோமானியக் கிறித்தவர்களின் மனத்தில் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டிருந்தன.

312இல் மில்வியன் பாலத்துப் போரில் கான்ஸ்டன்டைன் வென்றதிலிருந்து தொடங்கியது அது. துன்புறுத்தப்பட்ட ஒரு சமயம் ஒரு தலைமுறைக்குள் அரசின் அரவணைப்புக்கு வந்தது. வரலாற்றாசிரியர் யூசிபியுஸ் போன்றவர்கள், ஒரே கடவுள், ஒரே பேரரசர், ஒரே பேரரசு என்பதே தெய்வத் திட்டம் என்று எழுதினார்கள். 391, 392ஆம் ஆண்டுகளில் தியோடோசியுஸ் பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவதைத் தடை செய்தார். பேரரசின் வெற்றியே கடவுளின் ஆளுகைக்குச் சான்று என்ற நம்பிக்கை வேரூன்றியது.

அப்படியானால் பேரரசின் தோல்வி எதற்குச் சான்று? பழைய சமயத்தவர்கள் கேட்ட கேள்வி இதுதான். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. எண்ணூறு ஆண்டுகள் பழைய தெய்வங்கள் காத்த நகரம், அவற்றுக்குப் பலி நிறுத்திய இருபது ஆண்டுகளுக்குள் விழுந்துவிட்டது. வெற்றியைச் சான்றாகக் காட்டியவர்கள் தோல்வியையும் சான்றாக ஏற்க வேண்டியதுதானே?

*

இந்தக் கேள்வி அகதிகளோடு கப்பலேறி வட ஆப்பிரிக்காவுக்கு வந்தது. ரோமின் செல்வந்தர் பலருக்கு அங்கே நிலங்கள் இருந்தன. கரையிறங்கியவர்களை வரவேற்றவன் ஆப்பிரிக்காவின் படைத்தலைவன் ஹெராக்லியன். அவன் அகதிகளிடம் பணம் பறித்ததாகவும், உயர்குடிப் பெண்களைக்கூடச் சிரிய வணிகர்களிடம் விற்றதாகவும் ஜெரோம் குற்றம் சாட்டுகிறார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வோம், மீண்டும் வருவான்.

அக்கரையில் ஹிப்போ ரேஜியுஸ் என்ற துறைமுக நகரத்தில், இன்றைய அல்ஜீரியாவின் அன்னாபாவில், ஆயராக இருந்தார் அகுஸ்தினார். 354இல் அந்நாட்டின் தகாஸ்தே என்ற சிற்றூரில் பிறந்தவர். மிலானில் சொல்லாட்சிக்கலை ஆசிரியராக இருந்தவர். 387இல் திருமுழுக்குப் பெற்றவர். ரோம் விழுந்தபோது அவருக்கு வயது 55. அந்த ஆண்டில் ஊரைவிட்டு வெளியே இருந்த அவர் ஹிப்போ மக்களுக்கு எழுதிய ஒரு கடிதம் எஞ்சியிருக்கிறது. காலம் கெட்டுவிட்டது என்பதற்காக, ஏழைகளுக்கு ஆடை வழங்கும் வழக்கத்தைக் கைவிட்டுவிடாதீர்கள் என்பது அதன் சாரம். பின்னால் 22 பகுதிகளாக விரிந்த ஒரு பெருநூலின் விதை இந்தச் சிறு கடிதத்திலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த நூலை எழுதவைத்தவர் மார்செல்லினுஸ் என்ற அரசு அதிகாரி. ஆப்பிரிக்கத் திருச்சபையின் உட்பிளவைத் தீர்க்க ரவென்னாவிலிருந்து அனுப்பப்பட்டவர். நேர்மையாளர், கிறித்தவர், அகுஸ்தினாரின் நண்பர். கார்த்தேஜில் வொலூசியானுஸ் என்ற உயர்குடி இளைஞரைச் சுற்றிக் கூடிய படித்த ரோமானியர்கள் எழுப்பிய கேள்விகளை அவர் அகுஸ்தினாருக்கு எழுதி அனுப்பினார். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டும் சமயம் ஒரு நாட்டைக் காக்குமா? கிறித்தவப் பேரரசர்களின் காலத்தில்தானே ரோமுக்கு இத்தனை கேடும் வந்தது? முதலில் கடிதங்களாக வந்த பதில்கள் பிறகு நூலாயின. 'கடவுளின் நகரம்' அகுஸ்தினாரின் கையால் மார்செல்லினுஸின் பெயரை விளித்தே தொடங்குகிறது. தொடங்கிய ஆண்டு ஏறத்தாழ 413. முடிந்தது 426 அளவில்.

*

பழைய சமயத்தவருக்குப் பதில் சொல்வது அகுஸ்தினாருக்குக் கடினமாக இருக்கவில்லை. ரோமின் சொந்த வரலாற்றாசிரியர்களையே சாட்சிக்கு அழைத்தார். கிறிஸ்து பிறப்பதற்கு முன் ரோமுக்கு நேர்ந்த பஞ்சங்கள், தீவிபத்துகள், உள்நாட்டுப் போர்கள், மாரியுஸும் சுல்லாவும் நடத்திய படுகொலைகள் எல்லாவற்றையும் மூன்றாம் பகுதியில் வரிசைப்படுத்தினார். அன்றெல்லாம் உங்கள் தெய்வங்கள் எங்கே போயிருந்தன என்பதே கேள்வி. வழக்கறிஞருக்குரிய திறமை இது. இதோடு நின்றிருந்தால் அந்நூலை இன்று யாரும் தேடிப் படிக்கமாட்டார்கள்.

அவர் வாதத்தின் மறுமுனை தம் சொந்தப் பக்கத்தை நோக்கித் திரும்புகிறது. நாடுகளைக் கொடுப்பதும் எடுப்பதும் கடவுளே என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கொடையை வைத்து யாரையும் எடைபோட முடியாது என்கிறார். அகுஸ்துஸுக்கு அரசைக் கொடுத்த அதே கடவுள்தான் நீரோவுக்கும் கொடுத்தார். கான்ஸ்டன்டைனுக்குக் கொடுத்தவரே கிறித்தவத்தைக் கைவிட்ட ஜூலியனுக்கும் கொடுத்தார். கான்ஸ்டன்டைனின் நீண்ட ஆட்சியைப் பார்த்து, நல்லபடி ஆள்வதற்காகக் கிறித்தவராகலாம் என்று எந்த அரசனும் கணக்குப் போட்டுவிடக் கூடாது. ஆகவேதான் கிறித்தவப் பேரரசர் ஜோவியன் சில மாதங்களிலேயே மாண்டார். பக்தி மிக்க கிராத்தியன் 383இல் கலகக்காரர்கள் வாளுக்கு இரையானார்.

இருபதாம் பகுதியில் இது இன்னும் தெளிவாகிறது. நல்லவன் ஏன் வறுமையில் உழல்கிறான், தீயவன் ஏன் செழிக்கிறான், குற்றமற்றவன் நீதிமன்றத்திலிருந்து ஏன் தண்டனையோடு வெளியே வருகிறான் என்பது நமக்குத் தெரியாது என்று அவர் அடுக்கிக்கொண்டே போகிறார். நல்லவர்கள் எப்போதும் துன்புறுகிறார்கள் என்றாவது ஒரு விதி இருந்தால், மறுமையில் ஈடு கிடைக்கும் என்று விளக்கம் சொல்லிவிடலாம். அந்த ஒழுங்கும் இல்லை. சில நல்லவர்கள் நன்றாகவே வாழ்கிறார்கள். சில தீயவர்கள் தண்டனையும் பெறுகிறார்கள். எந்தக் கணக்கிலும் அடங்காத இந்த உலகைப் பார்த்தபடியே, அதை ஆள்பவன் ஒருவன் உண்டு, அவன் நீதிமான் என்று அவர் சொல்கிறார்.

இங்கே ஒரு கணம் நிற்கவேண்டும். தெய்வத்தின் ஆளுகையை நம்புவது என்றால் நடப்பவற்றின் காரணம் நமக்குத் தெரியும் என்று பொருள் கொள்வதே பொது வழக்கம். புயல் வந்தால் அது யாருடைய பாவத்துக்கு என்று சொல்ல நாலுபேர் இருக்கிறார்கள்; போரில் வென்றால் அது யாருடைய புண்ணியம் என்று சொல்லவும் இருக்கிறார்கள். அகுஸ்தினாரின் நம்பிக்கை இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. ஆளுகை முழுமையானது, ஆனால் அதன் ஏடு நமக்குப் படிக்கக் கொடுக்கப்படவில்லை. நிலையற்ற காலத்தில் இந்த நம்பிக்கை என்ன ஆறுதலைத் தரும்? குறைவான ஆறுதலையே தரும். ஆனால் விழுந்தவனைப் பார்த்து, நீ விழத்தக்கவன் என்று சொல்லும் உரிமையை அது யாருக்கும் தராது.

அந்த உரிமையை மறுப்பதன் பொருள் முதல் பகுதியிலேயே தெரிகிறது. கொள்ளையின்போது கிறித்தவப் பெண்கள் பலர் வன்முறைக்கு உள்ளானார்கள். மானம் போனபின் உயிர் வாழக் கூடாது என்பது ரோமின் பழைய அறம். கற்புக்காகத் தன்னைக் குத்திக்கொண்ட லுக்ரேஷியா அதன் திருவுரு. அகுஸ்தினார் அந்தத் திருவுருவையே கேள்வி கேட்கிறார். உள்ளம் இசையாதபோது உடலுக்கு நேர்ந்தது அவள் குற்றமல்ல. குற்றமற்றவளைக் கொல்வது எப்படி அறமாகும், கொல்பவள் அவளே ஆனாலும்? இந்தப் பக்கங்களில் இன்றைய வாசகரை நெளியவைக்கும் வரிகளும் உண்டு. ஆயினும், உயிர் தப்பி ஆப்பிரிக்கக் கரைக்கு வந்திருந்த பெண்களுக்கு, அவர்கள் வாழ்ந்துகொண்டிருப்பதே இழிவு என்ற பழியிலிருந்து விடுதலை தர முயன்ற எழுத்து அது.

*

நூல் தொடங்கிய அதே 413ஆம் ஆண்டில் அதன் வாதத்துக்குச் சோதனை வந்தது. ஹெராக்லியன் பேரரசருக்கு எதிராகக் கலகம் செய்து இத்தாலிமீது படையெடுத்தான்; தோற்றான்; கொல்லப்பட்டான். அவனுக்குத் துணைபோனவர்களை விசாரிக்க வந்த மாரினுஸ் என்ற தளபதி, மார்செல்லினுஸையும் அவர் சகோதரர் அப்ரிங்கியுஸையும் சிறையிலடைத்தான்.

ஆயர்கள் கூடி முறையிட்டார்கள். ரவென்னாவுக்குத் தூது அனுப்பப்பட்டது; பதில் வரும்வரை எதுவும் நடக்காது என்ற உறுதியும் கிடைத்தது. அகுஸ்தினார் சிறைக்குச் சென்று நண்பரைப் பார்த்தார். மனத்தை உறுத்தும் பாவம் ஏதும் உண்டா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டதையும், மார்செல்லினுஸ் முறுவலித்து, தம் மனைவியைத் தவிர வேறு பெண்ணை அறியாதவர் தாம் என்று உறுதி சொன்னதையும் பின்னர் ஒரு கடிதத்தில் பதிவு செய்திருக்கிறார். செப்டம்பர் 13 அன்று, தூதர்கள் திரும்புவதற்குள், சகோதரர் இருவரும் வெளியே கொண்டுவரப்பட்டுத் தலை வெட்டப்பட்டனர். அகுஸ்தினார் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கார்த்தேஜைவிட்டு வெளியேறினார். மறு ஆண்டு பேரரசரின் ஆணை ஒன்று மார்செல்லினுஸை மதிப்புக்குரிய நினைவாளர் என்று குறிப்பிட்டது.

இந்தச் சாவுக்கு இன்னொரு முகம் உண்டு. சில காலம் முன்பு, ஒரு குருவைக் கொன்ற எதிர்த்தரப்பினர்மீது வழக்கு நடந்தபோது, அவர்களுக்கு மரண தண்டனை விதிக்க வேண்டாம் என்று மார்செல்லினுஸுக்கு மன்றாடி எழுதியவர் இதே அகுஸ்தினார். கொலைகாரர்களின் உயிருக்காக அவர் எந்த நீதிபதியிடம் மன்றாடினாரோ, அந்த நீதிபதி குற்றமில்லாமல் கொல்லப்பட்டார். குற்றமற்றவன் ஏன் தண்டனை பெறுகிறான் என்பது நமக்குத் தெரியாது என்று பிற்காலத்தில் எழுதியபோது அவர் நினைவில் யார் இருந்திருப்பார் என்று ஊகிக்கத் தோன்றுகிறது.

*

இத்தனை இருளான பதில் எல்லோருக்கும் உவப்பாக இருக்கவில்லை. அவருக்கு மிக அருகிலிருந்தே மாற்றுப் பதில் ஒன்று வந்தது. 414இல் ஸ்பானிய நாட்டிலிருந்து ஹிப்போவுக்கு வந்த ஒரோசியுஸ் என்ற இளம் குரு, அகுஸ்தினாரின் தூண்டுதலால், உலகின் துன்பங்களைத் தொகுத்து ஏழு பகுதிகள் கொண்ட வரலாறு எழுதினார். 417 வாக்கில் முடிந்த அந்நூல் ஆசானின் கருத்தையே வளைத்துவிட்டது. பழைய காலம் மிகக் கொடியது, கிறித்தவக் காலம் மேலும் மேலும் நல்லதாகிவருகிறது என்று அவர் நிறுவினார். ரோமின் கொள்ளைகூட அவர் கையில் ஒரு மெல்லிய கண்டிப்பாகிவிட்டது. எகிப்தின்மீது விழுந்த பத்து வாதைகளுக்கு ஈடாகத் திருச்சபைக்குப் பத்துத் துன்புறுத்தல்கள் என்று கணக்கும் பொருத்திக் காட்டினார்.

அகுஸ்தினார் பதினெட்டாம் பகுதியில் இந்தப் பத்துக் கணக்கை, பெயர் குறிப்பிடாமல், மறுக்கிறார். இனித் துன்புறுத்தல் வராது என்று சொல்ல நமக்கு யார் அதிகாரம் தந்தார்கள் என்பது அவர் கேள்வி. இது மனிதரின் யூகம், சில சமயம் பொருந்தும், சில சமயம் பொருந்தாது என்று விட்டுவிடுகிறார். ஆயினும் ஐரோப்பாவின் இடைக்காலம் விரும்பிப் படித்தது ஒரோசியுஸையும்தான். அவருடைய வரலாறு பல நூற்றாண்டுகள் பாடநூல்போல் விளங்கியது. நன்மை வளர்கிறது என்று காட்டும் வரலாற்றுக்கு எக்காலத்திலும் வாசகர் அதிகம்.

அகுஸ்தினாரும் தம் கொள்கைக்கு எப்போதும் உண்மையாக இருக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். ஆப்பிரிக்கத் திருச்சபையின் பிளவில் எதிர்த்தரப்பினரான டோனட்டியர்களை முதலில் வாதத்தால் வெல்லவே அவர் விரும்பினார். பிறகு மனம் மாறினார். அரச ஆணைகளால், அபராதங்களால், சொத்துப் பறிமுதலால் அவர்கள் திரும்பி வருவதைக் கண்டபோது, வலிந்து அழைத்துவருவதும் அன்பே என்று வேதவசனம் காட்டி நியாயப்படுத்தினார். 411இல் கார்த்தேஜில் இரு தரப்பிலும் ஏறத்தாழ 280 ஆயர்கள் கூடிய மாநாட்டில் தலைமை தாங்கித் தீர்ப்புச் சொன்னவர் மார்செல்லினுஸே. பேரரசின் வெற்றியில் கடவுளின் கையைப் படிக்க முடியாது என்றவர், பேரரசின் சட்டத்தில் மட்டும் அதைப் படித்துவிட்டார். அந்தச் சட்டங்களைத் தாங்கிய வாள் நண்பரின் கழுத்தில் இறங்கிய பிறகும் இந்தக் கருத்தை அவர் கைவிடவில்லை. பிற்காலத்தில் மதத்தின் பெயரால் வற்புறுத்தியவர்கள் பலர் அவரைச் சான்று காட்டியதற்கு அவரும் பொறுப்பாளிதான்.

*

429இல் கெய்சரிக்கின் தலைமையில் வாண்டல்கள் ஸ்பானிய நாட்டிலிருந்து கடலைக் கடந்து ஆப்பிரிக்காவில் இறங்கினார்கள். முதியவர், குழந்தைகள், அடிமைகள் உட்பட 80,000 பேர் என்று பின்னாளில் விக்டர் என்ற ஆயர் எழுதினார். கடற்கரையை ஒட்டிக் கிழக்கு நோக்கி வந்தார்கள். வழியிலிருந்த ஊர்கள் எரிந்தன. ரோமின் அகதிகளை ஏற்ற நாடு இப்போது தானே அகதிகளின் நாடாயிற்று.

ஹொனோராட்டுஸ் என்ற ஆயர் அகுஸ்தினாருக்கு எழுதிக் கேட்டார்: நாம் ஓடிவிடலாமா? ஓர் ஊரில் துன்புறுத்தினால் மறு ஊருக்கு ஓடுங்கள் என்று கிறிஸ்துவே சொல்லியிருக்கிறாரே? அதற்கு அகுஸ்தினார் எழுதிய நீண்ட பதில், என் பார்வையில், 'கடவுளின் நகரம்' முழுவதற்கும் எழுதப்பட்ட பின்னுரை. கடவுள் காப்பார் என்ற பேச்சு அதில் மிகக் குறைவு. ஒருவரை மட்டும் தேடி வருகிறார்களா, மற்றவர்கள் பணியைத் தொடர்வார்களா, அப்படியானால் அவர் போகலாம். மக்கள் எல்லோரும் வெளியேறிவிட்டார்களா, ஆயரும் போகலாம். ஆனால் ஆபத்து அனைவருக்கும் பொதுவானது, ஓட முடியாத ஏழைகள் ஊரில் இருக்கிறார்கள் என்றால், அவர்களுக்குத் தேவைப்படுபவர்கள் அவர்களை விட்டுப் போகக் கூடாது. யார் இருப்பது, யார் போவது என்பதில் குருக்களுக்குள் வழக்கு வந்தால் சீட்டுப் போட்டுப் பாருங்கள் என்றுகூடச் சொல்கிறார். நாளை என்ன ஆகும் என்பது தெரியாது. இன்று யார் நம்மை நம்பி இருக்கிறார்கள் என்பது தெரியும். அந்தத் தெரிந்ததை வைத்து முடிவெடு என்பதே கடிதத்தின் உள்ளுறை.

430இன் கோடையில் வாண்டல் படை ஹிப்போவை நிலத்திலும் கடலிலும் சூழ்ந்தது. உள்ளே அடைபட்டவர்களில் காலாமா நகரிலிருந்து தப்பி வந்திருந்த ஆயர் பொசிடியுஸும் ஒருவர். அகுஸ்தினாரின் இறுதி நாட்களை நாம் அறிவது அவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியாகத்தான். ஒருநாள் உணவு மேசையில் அகுஸ்தினார் தம் வேண்டுதலைச் சொன்னாராம். மூன்று விருப்பங்கள் அதில் இருந்தன: நகரம் விடுபட வேண்டும்; இல்லையேல் தாங்கிக்கொள்ளும் வலிமை வேண்டும்; அதுவும் இல்லையேல் தம்மை இவ்வுலகிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இவற்றில் எது நடக்கும் என்று அவர் முன்னறிவிக்கவில்லை.

முற்றுகையின் மூன்றாம் மாதம் காய்ச்சலில் படுத்தார். தாவீதின் மனவருத்தத் திருப்பாடல்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் தொங்கவிடச் சொன்னார். மருத்துவர் வரும் நேரமும் உணவு வரும் நேரமும் தவிர யாரும் உள்ளே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, படுக்கையிலிருந்தபடி அவற்றைப் படித்து அழுதுகொண்டிருந்தார். 430 ஆகஸ்ட் 28 அன்று உயிர் பிரிந்தது. எழுதிவைக்கச் சொத்து எதுவும் இல்லாததால் உயில் எழுதவில்லை என்கிறார் பொசிடியுஸ். திருச்சபையின் நூலகத்தைப் பத்திரமாகக் காக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

முற்றுகை மொத்தம் 14 மாதங்கள் நீடித்தது. பின்னர் மக்கள் வெளியேறினார்கள், நகரம் எரிந்தது. 439இல் கார்த்தேஜும் வீழ்ந்தது. அகுஸ்தினார் 35 ஆண்டுகள் கட்டிவளர்த்த ஆப்பிரிக்கத் திருச்சபை அவர் அறிந்த வடிவில் மீளவே இல்லை. நூலகம் தப்பியது. எப்படித் தப்பியது என்பதற்கு உறுதியான விளக்கம் இல்லை.

பொசிடியுஸ் தரும் இன்னொரு செய்தியோடு இதை முடிக்கலாம். சிறைப்பட்டவர்களை மீட்கவும் ஏழைகளுக்கு உதவவும் பணம் இல்லாதபோது, ஆலயத்தின் திருக்கலங்களை உடைத்து உருக்கச் சொல்லி அகுஸ்தினார் கொடுத்திருக்கிறார். சிலர் அதை எதிர்த்தார்கள் என்பதையும் பொசிடியுஸ் மறைக்கவில்லை. 408இல் ரோம் தன் தெய்வச் சிலையை உருக்கியபோது சோசிமஸ் அதில் ஒரு நகரத்தின் முடிவைக் கண்டார். அவர் நோக்கில் தெய்வம் அந்தப் பொன்னில் இருந்தது. பொன் போனதும் காவலும் போயிற்று. ஹிப்போவின் ஆயர் தம் கலங்களை உருக்கியபோது எந்த நகரமும் காப்பாற்றப்படவில்லை. யாரோ சிலர் விலங்கு கழன்று வீடு திரும்பினார்கள். அவர்களின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை.